ஆடிக்காற்றில் ஓவர்டிரைவ்: வாசகர் கேள்வி – பதில்

ஆட்டோமேட்டிக் ஃபோர்வீல் வண்டிக்குப் பின்னால் கேரவன் மாட்டி இழுப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பஸ்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. தனக்கென்று எஞ்சின் இல்லாமல், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு, முன்வண்டியின் கொக்கியில் மாட்டிப் போகும் சக்கர வீடு. படகு டிரெய்லர், குதிரை டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் பதில்கள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் உயரமான சப்பை முகம் கேரவனுக்குத்தான். காற்று அதைத்தான் அதிகம் பாடாய்ப் படுத்தும்.

கேள்வி: என்னுடையது பழைய ஃபோர்வீல் வண்டி, நாலு கியர் ஆட்டோமேட்டிக். கியர் லிவரில் ஓ/டி என்று ஒரு பட்டன் இருக்கிறது. கேரவன் இழுக்கும்போது அதை அணைத்தே ஓட்டணும் என்கிறார் ஒரு மெக்கானிக். அணைத்தால் டீசல் குடிக்கும், சும்மா விடுங்க என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? – வாசகர், பாளையங்கோட்டை

இருவர் சொல்வதும் ஒவ்வொரு சாலைக்குச் சரி. எல்லாச் சாலைக்கும் சரியில்லை. அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கே யார் பேச்சு எடுபடும் என்பது விளங்கிவிடும்.

உங்கள் வண்டி மாதிரியான நாலு கியர் பெட்டியில் விகிதங்கள் ஏறக்குறைய 2.80, 1.53, 1.00, 0.75 என்று இருக்கும். முதல் கியரில் எஞ்சின் 2.80 சுற்று சுற்றினால்தான் பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றும். மூன்றாவது நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. நாலாவதில் எஞ்சின் முக்கால் சுற்று போவதற்குள் வெளித்தண்டு முழுச் சுற்று போய்விடும். எஞ்சினை மிஞ்சித் தண்டு ஓடுவதால் அதற்கு ஓவர்டிரைவ் என்று பெயர். பட்டனை அணைத்தால் பெட்டி மூன்றோடு நின்றுகொள்ளும், நாலுக்குப் போகாது. அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த வகை வண்டியில் 80 கி.மீ. வேகத்தில் நேர் கியரில் எஞ்சின் 2,150 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2,150 சுற்று) ஓடுகிறது என்றால், ஓவர்டிரைவில் 1,600 சொச்சத்தில் ஓடும். சத்தம் குறையும், டீசல் மிச்சமாகும். ஆனால் வேகமும் எடையும் காற்றும் மாறவில்லையே! அதே வேலையைக் குறைந்த சுற்றில் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக முறுக்கியாக வேண்டும். வெறும் வண்டியில் அது தெரியாது. பின்னால் 1,500 கிலோ ஏறிவிட்டால், டர்போ முழுசாக ஊதத் தொடங்காத 1,600 சுற்றில் அந்த முறுக்கு கிடைக்காது.

அப்போது ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிப்பீர்கள். பெட்டி நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும். வேகம் பிடித்ததும் காலைத் தளர்த்துவீர்கள், மறுபடி நாலு விழும். அரை கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி திணறி மூன்றுக்கு வரும். இப்படி ஏறி ஏறி இறங்குவதுதான் ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கொல்லும் நோய். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கும். அந்த வழுக்கல் சூடாகி ஆயிலில் இறங்கும்.

அதைவிடப் பெரிய சூடு டார்க் கன்வெர்ட்டரில் இருக்கிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஆயிலுக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு விசிறிகள் மாதிரியான அமைப்பு அது. ஒன்று தள்ளும் ஆயிலில் மற்றது சுற்றும். நடுவே வழுக்கல் இருந்தே தீரும். அந்த வழுக்கலை நிறுத்தத்தான் லாக்-அப் என்ற கிளட்ச். சீரான வேகத்தில் அது விழுந்து இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பாரம் கூடினால் லாக்-அப் விட்டுவிடும். 40 குதிரைச்சக்தி கடந்துபோகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வழுக்கினால், 4 குதிரைச்சக்தி, அதாவது ஏறக்குறைய 3,000 வாட், சூடாக மாறும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை கியர் ஆயிலுக்குள் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டதற்குச் சமம்.

ஆகவே கவனிக்க வேண்டியது இரண்டே: கியர் நிலையாக நிற்கிறதா, லாக்-அப் பிடித்தபடி இருக்கிறதா. இரண்டும் இருந்தால் ஓவர்டிரைவை விட்டு வைக்கலாம். காற்றில்லாத காலை, சமதளம், லேசான கேரவன், கால் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகவில்லை என்றால் அணைத்து ஓட்ட ஒரு காரணமும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தரம் கியர் மாறினால் உடனே அணையுங்கள். மேடு முன்னால் தெரிந்தால், திணறும்வரை காத்திராமல் மேடு தொடங்கும் முன்பே அணையுங்கள்.

லாக்-அப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் 200, 300 துள்ளினால் லாக்-அப் இல்லை. முள்ளும் வேகமும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் பூட்டியிருக்கிறது. நாலாவது விழுந்த பின் இன்னொரு தரம் முள் சற்று இறங்குவதைப் பார்த்து ‘அஞ்சாவது கியர் விழுது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது கியர் இல்லை, லாக்-அப் விழுவது. பல பெட்டிகளில் ஓ/டி அணைத்திருக்கும்போது மூன்றாவதிலும் லாக்-அப் விழும். உங்கள் வண்டியில் விழுகிறதா, எந்த வேகத்தில் விழுகிறது என்று கேரவன் மாட்டாத ஒருநாள் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் ஓட்டும்போது அந்த வேகத்துக்குக் கீழே வராமல் பார்த்துக்கொண்டால் ஆயில் சூடாகாது.

நேர் கியருக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகளில் ஒன்றுக்கு ஒன்று ஓடும்போது உள்ளிருக்கும் கோள் பற்சக்கரத் தொகுதி மொத்தமும் ஒரே கட்டியாகச் சேர்ந்து சுற்றும். பல்லோடு பல் உரசும் வேலை அப்போது மிகக் குறைவு. ஓவர்டிரைவில் அந்தப் பற்கள் முழுப் பாரத்தையும் சுமந்து உருள வேண்டும். டீசல் விஷயத்தில் பயம் வேண்டாம். ஓவர்டிரைவில் திணறி, கால் அழுத்தி, கியர் மாறி மாறி ஓடும் வண்டியைவிட, நேர் கியரில் நிதானமாக ஓடும் வண்டி அதிகம் குடிக்காது. அப்படியே ஒரு லிட்டர் கூடப் போனாலும் கியர் பெட்டி பிரித்து மாட்டும் செலவை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசி வருகிறேன். ரோடு சமம்தான், மலையே கிடையாது. ஆனி, ஆடியில் மட்டும் கேரவனோடு வரும்போது கியர் ஓயாமல் மாறுகிறது. திரும்பிப் போகும்போது ஒன்றுமே இல்லை. பெட்டியில் கோளாறா? – வாசகர், பாவூர்சத்திரம்

பெட்டியைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். திரும்பும்போது சரியாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதில் விடை இருக்கிறது. காரணம் காற்று.

குற்றாலத்தில் சீசன் தொடங்கும்போதே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிடும். ஆலங்குளம், சுரண்டை பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. தென்காசி நோக்கிப் போகும் நீங்கள் அதற்கு முகத்தைக் கொடுக்கிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். நீங்கள் போவது 70 கி.மீ., எதிர்க்காற்று 40 கி.மீ. என்றால், கேரவனின் முகத்துக்கு அது 110 கி.மீ. வேகம். காற்றில்லாத நாளில் 70-ல் போவதைவிட எதிர்ப்பு இரண்டரை மடங்கு. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். நீங்கள் அம்மியைவிடப் பெரிய சுவர் ஒன்றை அதற்குள் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். தவிரவும், கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் மேற்கே போகப் போகத் தரை சிறுகச் சிறுக உயர்ந்துகொண்டேதான் போகிறது.

இந்தப் பாதையில் ஆனி முதல் ஆவணி வரை, திருநெல்வேலி எல்லை தாண்டியதுமே ஓவர்டிரைவை அணைத்துவிட்டு நேர் கியரில் வாருங்கள். வேகத்தையும் குறையுங்கள். அதே 40 கி.மீ. எதிர்க்காற்றில் 80-லிருந்து 65-க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். தென்காசி போய்ச் சேர 10 நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். திரும்பும்போது காற்றே முதுகைத் தள்ளும், ஓவர்டிரைவ் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இறங்குகிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் நாலுவழிச்சாலையில் போகிறவர்களுக்கு அது பக்கவாட்டில் அடிக்கும். அங்கே பிரச்சினை கியர் இல்லை, கேரவன் வால் ஆட்டுவது. லாரியையோ பஸ்ஸையோ தாண்டும்போது அதன் மறைவில் காற்று நின்று, தாண்டியதும் பளீரென்று மோதும். ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறைய விடுங்கள். கேரவனின் பிரேக்கைத் தனியாகப் போடும் கைக் கட்டுப்பாடு உங்கள் வண்டியில் இருந்தால், அதை மட்டும் லேசாகப் போடலாம். அது கேரவனைப் பின்னால் இழுத்து நேராக்கும். பெரும்பாலும் ஆட்டத்துக்கு வேர் பாரம் ஏற்றிய விதத்தில் இருக்கும். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், மளிகைச் சாமான் எல்லாவற்றையும் பின்கோடியில் அடைத்தால் கொக்கியில் பாரம் இராது. கேரவனின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும்: 1,200 கிலோ கேரவனுக்கு 85 முதல் 120 கிலோ. ஆனால் வண்டிக் கையேடு கொக்கிக்கு விதித்த உச்ச எடையை அது தாண்டக் கூடாது.

கேள்வி: புது வண்டி, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஓ/டி பட்டனே இல்லை, லிவரில் கூட்டல் கழித்தல் குறிதான் இருக்கிறது. இதில் ஓவர்டிரைவை எப்படி அணைப்பது? – வாசகர், வள்ளியூர்

பட்டன் போய்விட்டது, ஓவர்டிரைவ் போகவில்லை. ஒன்றுக்கு இரண்டாக வந்திருக்கிறது. பல ஜப்பானிய ஆறு கியர் பெட்டிகளின் விகிதம் 3.60, 2.09, 1.49, 1.00, 0.69, 0.58. நாலாவது நேர் கியர், ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ். பத்து கியர் வைத்த எண்டெவரில் ஏழாவதுதான் நேர் கியர், அதற்கு மேல் மூன்று ஓவர்டிரைவ். உங்கள் வண்டியின் கையேட்டில் 1.000 என்று எந்த கியருக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிவரை டி-யிலிருந்து பக்கவாட்டில் தள்ளி, கழித்தல் பக்கம் தட்டித் தட்டி 4 என்று மீட்டரில் வரும்வரை இறக்குங்கள். இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். எஸ் என்று எழுதிய ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் ‘எஸ்4’ என்றால் ‘நாலுக்கு மேல் போகாதே’ என்று பொருள். ஒன்று முதல் நாலு வரை பெட்டி தானே மாற்றிக்கொள்ளும், நமக்கு இதுதான் வசதி. எம் என்று எழுதிய பல வண்டிகளில் 4 என்றால் அந்த கியரையே பிடித்துக்கொள். வேகம் குறைந்தால் நீங்கள்தான் 3-க்கு இறக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் நாலிலேயே திணறிக்கொண்டிருக்கும்.

ஆறாவது கியரைக் கேரவனோடு மறந்துவிடுவது நல்லது. 0.58 விகிதம் வெறும் வண்டி நூறில் ஓடும்போது டீசல் மிச்சம் பிடிப்பதற்காக வைத்தது. காற்றில்லாத நாலுவழிச்சாலையில் 80-ல் போகும்போது எஸ்5 வைத்து, ஆர்.பி.எம். 1,700-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அப்படியே போகலாம். கங்கைகொண்டான் தாண்டி வடக்கே போகும் மேம்பாலங்களில் திணறினால் எஸ்4. இழுவைக்கென்று தனி மோட் உள்ள வண்டியில் அதைப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கில் பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும். குரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். முன்னே மேடு வருவது அதற்குத் தெரியாது, வேகம் விழுந்த பிறகு ஒரேயடியாக மிதித்து இரண்டு கியரை உதறும்.

கேள்வி: டாஷ்போர்டில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஃபால்ட்டா? – வாசகர், திருநெல்வேலி டவுன்

நிலையாக எரிந்தால் ஃபால்ட் இல்லை. யாரோ கை பட்டுப் பட்டன் அமுங்கி, ஓவர்டிரைவ் அணைந்திருக்கிறது. இன்னொரு தரம் அமுக்குங்கள், விளக்கு போய்விடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் மூன்றாவதிலேயே ஓட்டி, ‘மைலேஜ் விழுந்துவிட்டது’ என்று இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு விட்டு விட்டு மின்னினால்தான் பெட்டியின் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறு கண்டிருக்கிறது. அப்போது கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

கேள்வி: புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை போக வேண்டும். வண்டி 2,000 கிலோ, கேரவன் 1,500 கிலோ. கோட்டைவாசல் எஸ் வளைவை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த கியர்? – வாசகர், செங்கோட்டை

பயம் நல்லதுதான். கனிமம் ஏற்றிய லாரிகளே திணறும் இடம்.

முதலில் ஏற்றக் கணக்கு. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் 3,500 கிலோவை ஏற்ற, சரிவுக்கு மட்டும் 175 கிலோ இழுவை வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் அதற்கே ஏறக்குறைய 39 குதிரைச்சக்தி போய்விடும். டயர் உருளலும் காற்றும் தனி. ஓவர்டிரைவில் இந்த வேலை நடக்காது. புளியரை சோதனைச் சாவடியிலேயே ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். ஆறு கியர் என்றால் எஸ்3. வளைவு தொடங்கும்போது இன்னும் ஒன்று இறக்கி, எஞ்சின் 2,000-லிருந்து 2,800-க்குள் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சினுக்கு இழுவை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றுவதால் குளிர்ச்சியும் அங்கேதான்.

இந்தச் சாலையில் பெட்டியைச் சூடாக்குவது செங்குத்தைவிட முன்னால் ஊர்ந்து போகும் லாரி. 15 கி.மீ. வேகத்தில் லாக்-அப் விழாது. கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். லாரியை ஒட்டிப் போகாதீர்கள். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, லாரி ஒரு வளைவு முன்னே போக விட்டு, பிறகு 30-ல் ஒரே மூச்சாக ஏறுங்கள். சரிவில் நிற்க நேர்ந்தால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் பிடித்து நிற்காதீர்கள். மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்ச் பிடித்து நிற்பதற்குச் சமம் அது. எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் அப்போது ஆயிலில்தான் கொதிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். நகரத் தொடங்கும்போது ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள்.

கியர் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தால் ஒதுங்கி நின்று, எஞ்சினை உடனே அணைக்காமல், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலிலோ பார்க்கிலோ ஓட விடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் பெட்டியின் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால்தான் ஆயில் கூலருக்குப் போகும். விளக்கு அணைந்த பின் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று லாரி டிரைவர் அண்ணாச்சிமார் சொல்வது கேரவனுக்கு அப்படியே பொருந்தும், இன்னும் ஒரு கியர் குறைவாக இறங்கினாலும் தவறில்லை. ஓவர்டிரைவில் எஞ்சின் பிரேக் என்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அடைக்கும் திராட்டில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அதனால் காலை எடுத்தாலும் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது, கியரை நன்றாக இறக்கினால்தான் பிடிக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே, 30 கி.மீ. வேகத்துக்கு வந்த பின், 2-க்கு இறக்கிவிடுங்கள். ஆர்.பி.எம். 3,000 போனால் பதற வேண்டாம், எஞ்சின் வண்டியைப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கை உரசியபடி இறங்காதீர்கள். நன்றாக மிதித்து 10 கி.மீ. குறைத்து, முழுசாக விட்டு, ஆற விட்டு, மறுபடி மிதியுங்கள். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானபின் அந்தக் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் பஞ்சு மாதிரி அடியில் போகும். சாரல் பகுதியில் இருக்கும் உங்களுக்கு இது முக்கியம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது மட்டும் ஒருக்காலும் வேண்டாம். காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும்.

மாஞ்சோலைக்கு இழுத்துப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் ஒடுங்கிய பாதை, எதிரே வண்டி வந்தால் கேரவனோடு பின்னால் வர இடம் இராது.

கேள்வி: கேரவன் இழுக்கும் வண்டிக்கு கியர் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றணும்? ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்கிறார்களே? தனிக் கூலர் தேவையா? – வாசகர், அம்பாசமுத்திரம்

லைஃப்டைம் என்பது சாதாரண ஓட்டத்துக்குச் சொன்னது. இழுவை பெரும்பாலான கையேடுகளில் கடினமான உபயோகம் என்ற பிரிவில் வரும். கையேடு குறைந்த தூரம் சொல்லாவிட்டால், 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அடிப்பகுதி நட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் இறங்கும். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றி, ஆயிரம் கி.மீ. ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றினால்தான் பெரும்பகுதி புதிதாகும். எத்தனை லிட்டர் இறங்கியதோ அதே அளவு ஊற்றி, பிறகு கையேடு சொன்ன சூட்டில், எஞ்சின் ஓடும்போது மட்டம் பாருங்கள். குளிர்ந்த பெட்டியில் பார்த்து நிரப்பினால் சூடாகும்போது அதிகமாகி நுரைக்கும், நுரைத்த ஆயில் கிளட்சை அழுத்தாது. கையேட்டில் எழுதிய வகை ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம்.

நல்ல ஆயில் சிவப்பாகத் தெளிவாக இருக்கும். கறுத்த பழுப்பும் கருகிய வாடையும் வந்தால் தகடு எரியத் தொடங்கியாயிற்று. ஓடும்போது 80 முதல் 95 டிகிரி நல்ல சூடு. 110-ல் வேகத்தைக் குறைத்து ஓவர்டிரைவை அணையுங்கள். 120 தாண்டினால் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மீட்டரில் இந்தச் சூடு காட்டாத வண்டியில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவி செருகி போனில் பார்க்கலாம். எல்லா மாடலும் காட்டாது, வாங்கும் முன் உங்கள் மாடலில் காட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலர் தேவைதான், 1,000 கிலோவுக்கு மேல் இழுத்தால் கட்டாயம். கம்பெனி வைத்திருப்பது ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் குழாய். எஞ்சின் தண்ணீரே 95 டிகிரியில் இருக்கும்போது அது ஆயிலை எங்கே குளிர்விக்கும்? பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில், ஏ.சி. முழுசாக ஓட, அந்தக் குழாய் மட்டும் போதாது. தனிக் கூலரை ஏ.சி. கண்டன்சருக்கு முன்னால் வைத்து, ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய், பிறகு தனிக் கூலருக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்குத் திரும்பும்படி குழாய் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டேக்கால் கண்டன்சரோடு இறுக்கிக் கட்டாமல், சட்டத்தில் பிராக்கெட் வைத்து மாட்ட வேண்டும். கட்டினால் அதிர்ந்து அதிர்ந்து கண்டன்சரை ஓட்டை போட்டுவிடும். ஹோஸ் கியர் ஆயிலுக்கு என்றே வரும் ரகமாக இருக்கட்டும். சாதாரண டீசல் ஹோஸ் சூட்டில் ஊறிக் கழன்றால், சில நிமிடத்தில் ஆயில் முழுக்கச் சாலையில் போய்விடும்.

கேள்வி: கேரவனுக்குத் தனி நம்பர் வேண்டுமா? – வாசகர், சங்கரன்கோவில்

வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடக்கம். தனிப் பதிவு, தனி நம்பர் பலகை, தனி இன்சூரன்ஸ். வாங்கும் முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: உடன்குடி பக்கம் தேரி மணல் வழியே எங்கள் தோட்டத்துக்குக் கேரவனைக் கொண்டுபோக வேண்டும். 4எச், 4எல், ஓவர்டிரைவ் எல்லாம் எப்படி? தார்ச்சாலையிலும் இழுவைக்கு 4எச் போடலாமா? – வாசகர், மெஞ்ஞானபுரம்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. 4எச் என்றால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நிலை, 4எல் என்றால் அதையே தாழ்ந்த கியர் விகிதத்தில் செய்யும் நிலை. மஹிந்திரா தார், வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், பின் சக்கரம் குறைவாக ஓடும். இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறி, டயரைத் தேய்த்து, இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியை உடைக்கும். இழுவை பத்தவில்லை என்பதற்கு 4எச் மருந்தும் இல்லை. 4எச்-ல் கியர் விகிதம் மாறுவதில்லை, பிடிமானம்தான் கூடும். விகிதம் மாறுவது 4எல்-ல் மட்டும், ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

தேரிக்கு 4எல். தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் போட்டு, வண்டி டயரை 18 பி.எஸ்.ஐ.க்கும் கேரவன் டயரை 20 முதல் 25 வரையும் இறக்குங்கள். கேரவன் டயரை மறப்பவர்கள் அதிகம். கெட்டியான அந்த இரண்டு சக்கரம்தான் கலப்பை மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுக்கும். ஓவர்டிரைவை அணைத்து, 2-ல் கிளம்பி, 3-க்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டி-யில் விட்டால் மணலில் காலைச் சற்றுத் தளர்த்தினாலும் மேல் கியருக்குத் தாவி, அந்த நொடியே வேகம் செத்துவிடும். தேரிச் செம்மண் மழைக்குப் பின் ஓரளவு இறுகி நிற்கும், கோடையில் மாவாக இருக்கும். கோடையில் போவதானால் மணல் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் போங்கள்.

சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் ஐந்து நொடிக்கு மேல் மிதிக்காதீர்கள். அசையாத வண்டியில் கன்வெர்ட்டர் ஆயில் மளமளவென்று சூடேறும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வெட்டி எடுத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் முயலுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் கேரவனைக் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் கெட்டித் தரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வின்ச் போட்டோ நீளமான கயிறு போட்டோ கேரவனை இழுங்கள். மணலில் கழற்றும் முன் அதன் முன்காலுக்கு அடியில் ஒன்றரை அடி அகலப் பலகை ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் கால் புதைந்து, மறுபடி கொக்கியில் மாட்டும் உயரத்துக்கு அதைத் தூக்கவே ஜாக்கி தேட வேண்டியிருக்கும்.